அந்த ஆற்றில் இருந்தவருக்கு

அன்புள்ள வில்லியம் ரூட் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. 2004-ல் ஒரு தமிழ் நாளிதழில் இரவு டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்தேன். நீங்களும் பத்திரிகைக்காரர். சிக்காகோ டிரிப்யூனில் எத்தனையோ பேருடைய செய்தியைத் திருத்திய கை உங்களுடையது. அதனால் நான் செய்த தப்பை நீளமாக விளக்க வேண்டியதில்லை. அன்று நான் வைத்த தலைப்பைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்ததால் வெளிநாட்டுப் பக்கத்திலும் பாதியை விளையாட்டு எடுத்துக்கொண்டது. அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ப் பதக்கச் சண்டை பற்றி நீங்கள் உங்கள் பத்திரிகையிலேயே, உங்கள் பெயரைப் போட்டு எழுதிய கட்டுரையைப் பற்றிய ஏஜென்சி செய்தி வந்தது. அதை மூன்று பாராவாகச் சுருக்கி, ஒரே காலம் (column) அகலத்தில் அடக்கி, "பதக்கப் புகார்: கெர்ரிக்கு நண்பர் ஆதரவு" என்று தலைப்பு வைத்தேன். பக்கம் அச்சுக்குப் போனது. நான் டீ குடிக்கப் போனேன்.

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்துத்தான் உங்கள் கட்டுரையை முழுதாகப் படித்தேன். நீங்கள் அதில் யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. கெர்ரியின் நண்பன் என்ற உரிமையில் பேசவும் இல்லை. 1969 பிப்ரவரி 28-ம் தேதி வியட்நாமின் தென்கோடியில், டோங் குங் ஆற்றில், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னீர்கள். ஒரு சாட்சியை நான் ஆதரவாளர் ஆக்கிவிட்டேன். இரண்டே சொல்லில்.

விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த வருடம் அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்றவர் ஜான் கெர்ரி. யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, தானே முன்வந்து கடற்படையில் சேர்ந்தவர். 1968 கடைசியிலிருந்து 1969 மார்ச் வரை மெகாங் டெல்டா பகுதியில் 'ஸ்விஃப்ட்' என்ற கடற்படை ரோந்துப் படகுகளுக்குத் தலைவராக இருந்தார். வெள்ளி நட்சத்திரம் ஒன்று, வெண்கல நட்சத்திரம் ஒன்று, காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் மூன்று வாங்கினார். ஊர் திரும்பிய பிறகு போரை எதிர்த்தார். 1971 ஏப்ரலில் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒரு மனிதனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டார். 2004 ஜூலையில் பாஸ்டனில் தன் கட்சி மாநாட்டு மேடையில் ஏறி, பணிக்கு வந்துவிட்டேன் என்று சல்யூட் அடித்தார்.

ஒரு வாரம்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்று மாநிலங்களில் ஒரு டிவி விளம்பரம் ஓடத் தொடங்கியது. 'உண்மைக்கான ஸ்விஃப்ட் படகு வீரர்கள்' என்ற அமைப்பு போட்டது. வயதான முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து, நான் கெர்ரியோடு பணியாற்றினேன், அவர் பொய் சொல்கிறார், பதக்கம் பொய், காயம் பொய் என்றார்கள். 'கெர்ரியோடு பணியாற்றினேன்' என்பதற்கு என்ன பொருள் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அதே கடற்படைப் பிரிவில், அதே காலத்தில் இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் கெர்ரியின் சொந்தப் படகுகளில் வேலை பார்த்தவர்களில் ஒரே ஒருவர்தான் அந்தப் பக்கம் போனார். வெள்ளி நட்சத்திரமும் வெண்கல நட்சத்திரமும் கிடைத்த நாட்களில் அவரும் அந்தப் படகில் இல்லை.

செனட்டர் ஜான் மெக்கைன் வியட்நாமில் ஐந்தரை வருடம் கைதியாக இருந்தவர், புஷ் கட்சிக்காரர். அவரே இந்த விளம்பரம் நேர்மையற்றது, மானமற்றது என்றார். விளம்பரம் நிற்கவில்லை. டெக்ஸாஸ் வீடு கட்டும் தொழிலதிபர் பாப் பெர்ரி மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். கெர்ரி வாய்திறந்து நேரடியாகப் பதில் சொல்ல ஆகஸ்ட் 19 ஆனது. அதற்கு மூன்று நாள் கழித்து உங்கள் கட்டுரை.

ரூட் அவர்களே, அந்தக் கட்டுரையை நான் இன்றும் எடுத்துப் படிப்பதுண்டு. கெர்ரிக்கு வெள்ளி நட்சத்திரம் கிடைத்த நாள் அது. ஸ்விஃப்ட் படகு ஐம்பது அடி நீளம். அலுமினியத் தகடு. குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் அளவுக்கு மெலிசு. குறுகலான ஆறு. கரையில் மிக அருகிலேயே பதுங்குகுழிக்குள் துப்பாக்கிகள். மூன்று படகு. ஒன்றுக்குக் கெர்ரி, ஒன்றுக்கு நீங்கள், மூன்றாவதுக்கு டொனால்ட் ட்ரோஸ். சுட்டால் ஓட வேண்டாம், மூன்று படகையும் ஒரேயடியாகக் கரைப்பக்கம் திருப்பி, சுடுகிறவன் மேலேயே ஏற்றிவிடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தீர்கள். அப்படியே செய்தீர்கள். கெர்ரி அவசரத்தில் தன்னிச்சையாகச் செய்த சாகசம் என்று 2004-ல் சொன்னார்களே, அது மூவரும் சேர்ந்து போட்ட திட்டம்.

அப்புறம் ஆற்றில் இன்னும் மேலே போய் இரண்டாவது தாக்குதல். கெர்ரி கரையில் குதித்து, ஒருவனைத் துரத்திக்கொண்டு குடிசைக்குப் பின்னால் ஓடினார். ஓடியவன் ஏற்கெனவே காயம்பட்டிருந்தான் என்று அங்கே இருந்த சிலர் சொல்வார்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள்? எனக்கு அப்படி நினைவில்லை, என் படகில் இருந்த மூத்த வீரரிடமும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் நினைவில்லை, இப்படிப்பட்ட நேரத்தைக் கடந்து வந்தவர்களின் நினைவுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது வழக்கம்தான் என்று எழுதினீர்கள்.

அந்த வரியில்தான் நான் உங்களை நம்பினேன். கெர்ரியைக் காப்பாற்ற வந்த ஆளாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், நினைவில்லாததை நினைவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். டிவியில் வந்தவர்களில் யாருக்கும், 35 வருடத்துக்குப் பிறகும், ஒரு சின்னத் தயக்கம்கூட இல்லை.

இன்னொன்றையும் எடுத்துக் காட்டினீர்கள். அந்தத் தாக்குதல் முடிந்தவுடன், உங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்த கேப்டன் ராய் ஹாஃப்மன், மூன்று படகுகளையும் பாராட்டிச் செய்தி அனுப்பினார். எதிரியை முழுக்க அடித்து வீழ்த்துவதற்கு இது சிறந்த உதாரணம் என்ற அளவுக்குப் புகழ்ந்தார். 2004-ல் கெர்ரிக்கு எதிரான அமைப்பில் முன்னால் நின்றவரும் அதே ஹாஃப்மன்தான்.

அதே அமைப்பில் இருந்த இன்னொரு படகுத் தலைவர் லாரி தர்லோ விஷயமும் இப்படித்தான். மார்ச் 13-ம் தேதி பே ஹாப் ஆற்றில் கெர்ரி தண்ணீரில் விழுந்த ஜிம் ராஸ்மன் என்ற வீரரை இழுத்துத் தூக்கினார். அதற்குத்தான் வெண்கல நட்சத்திரம். அன்று கரையிலிருந்து யாருமே சுடவில்லை என்றார் தர்லோ. அவரும் அதே நாளில், அதே ஆற்றில் வெண்கல நட்சத்திரம் வாங்கியவர். வாஷிங்டன் போஸ்ட் அவருடைய பதக்கக் கோப்பை வாங்கிப் பார்த்தது. எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அவர் வேலை செய்தார் என்று அதில் இருந்தது. கெர்ரியின் பதக்கம் பொய் என்றால் தன்னுடையதும் பொய்.

ஒருவர் மேல் போடும் சந்தேகம் கூட இருந்த எல்லார் மேலும் விழும் என்பதைத்தான் உங்கள் கட்டுரையின் மையமாக வைத்திருந்தீர்கள். கெர்ரி உங்களுக்குப் போன் செய்து, தெரிந்ததை வெளியே சொல்லுங்கள் என்று கேட்டதை நீங்கள் மறைக்கவில்லை. ஆனால் எழுதக் காரணம் அது இல்லை என்றீர்கள். பொதுவாழ்க்கையில் இல்லாத, பேர் வெளியே தெரியாத படகு ஆட்களுக்கு இது வலிக்கிறது, அவர்கள் செய்ததற்கு மதிப்பு கிடைக்க வேண்டும், அதற்காக எழுதுகிறேன் என்றீர்கள். அரசியல்வாதி ஒருவரைத் தாக்குகிறோம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் படகில் கூட இருந்த மற்றவர்கள் தலையிலும் சேர்த்துத்தான் அந்தச் சேறு விழுகிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது நீங்கள்தான்.

அந்த மாதக் கடைசியில் நியூயார்க்கில் புஷ் கட்சி மாநாடு நடந்தது. பிரதிநிதிகள் சிலர் மோவாயிலும் கையிலும் சின்ன பேண்ட்-எய்ட் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு குட்டி இதயம். கெர்ரியின் காயம் இவ்வளவுதான் என்று காட்டுவதற்கு. அந்தப் படம் எங்கள் டெஸ்க்குக்கும் வந்தது. ஒரு அம்மா சிரித்தபடி கேமராவுக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பர்ப்பிள் ஹார்ட் போரில் காயம்பட்டவனுக்கும், காயத்தில் செத்தவன் வீட்டுக்கும் போகிற பதக்கம். மாநாடு முடிந்த அடுத்த வாரம் ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் ஆயிரம் பேரைத் தாண்டினார்கள். அவர்களில் சண்டையில் செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அதே ஊதா இதயம் போயிருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் இருக்கிறது.

கெர்ரியைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1968 கிறிஸ்துமஸ் அன்று கம்போடியாவுக்குள் இருந்ததாக அவர் செனட்டில் பேசியது சரியாக நிற்கவில்லை. அவர் தரப்பே பின்னால் அதை மாற்றிச் சொன்னது. 1971-ல் அவர் பேசியதைக் கேட்டு, எங்கள் எல்லாரையும் போர்க் குற்றவாளி ஆக்கிவிட்டானே என்று புண்பட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த வலி நிஜம். அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டுப் பதக்கத்தைப் பிடித்தார்கள். கருத்தைப் பற்றிப் பேசினால் எதிர்க்கருத்து வரும். பதக்கத்தின் மேல் சந்தேகத்தைப் போட்டால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். செப்டம்பரில் கடற்படை விசாரித்து, பதக்கங்கள் முறைப்படிதான் வழங்கப்பட்டன என்றது. அதற்கு எந்தப் பத்திரிகை எவ்வளவு இடம் ஒதுக்கியது?

இந்த இடத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது. இரு தரப்பையும் போடு என்பதுதான் டெஸ்க்கில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. நல்ல பாடம்தான். ஆனால் ஒரு பக்கம் அந்த நாளின் கடற்படைப் பதிவும் நேரில் பார்த்தவரும், இன்னொரு பக்கம் காசு கொடுத்து ஓட்டிய விளம்பரமும் இருக்கும்போது, 'புகார்', 'மறுப்பு' என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் விளம்பரத்துக்குத்தான் லாபம். நான் அதைச் செய்தேன். மூன்று வாரமும் செய்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நவம்பரில் புஷ் ஜெயித்தார். முடிவு ஒஹாயோவில், சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் நின்றது. படகு விளம்பரத்தால்தான் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிய படகின் பெயரே அமெரிக்க அரசியலில் அவதூறுக்கு வினைச்சொல்லாகிவிட்டது. உங்களுக்கு அதைக் கேட்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

2024-ல் மறுபடியும் பார்த்தேன். துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸ், தேசியக் காவல் படையில் 24 வருடம் இருந்தவர். அவருடைய பிரிவு ஈராக்குக்குப் போகும் முன் ஓய்வு பெற்றதை வைத்து, ஓடிப்போனவர் என்றார்கள். போரில் ஆயுதம் ஏந்தினேன் என்று அவர் ஒரு முறை சொன்னது தப்பு. அதைக் கேட்டது நியாயம். ஆனால் ஒரு வாக்கியப் பிழை 24 வருடத்தையும் விழுங்கியது. அப்போது ட்ரம்ப் பிரசாரத்தை நடத்திய இருவரில் ஒருவர் கிறிஸ் லசிவிடா. 2004-ல் ஸ்விஃப்ட் படகு விளம்பரங்களுக்கு ஆலோசகராக இருந்தவர். அந்தச் செய்தி வந்த நாள்தான் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். முடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது.

இந்த ஒரு முறைதான் பேசுகிறேன், இனிமேல் இதைப் பற்றிப் பொதுவில் பேச மாட்டேன் என்று நீங்கள் அப்போதே எழுதிவிட்டீர்கள். அதனால் உங்களிடம் கேட்க எதுவும் இல்லை. என் பக்கத்தில் ஒரு திருத்தம் மட்டும் பாக்கி இருக்கிறது.

அன்று இரவு நான் வெட்டிய பாராக்களில் ஒன்று மூன்றாவது படகைப் பற்றியது. இடம் பற்றவில்லை, படிப்பவருக்குத் தெரியாத பெயர், எடுத்துவிட்டேன். அன்றைய மூன்று படகுத் தலைவர்களில் கெர்ரியைத் தவிர நீங்கள் மட்டும்தான் மிச்சம் என்பதால்தான் நீங்கள் பேசவே வேண்டி வந்தது என்பது அதோடு போய்விட்டது. இப்போது போடுகிறேன். டொனால்ட் ட்ரோஸ். மிசூரி மாநிலம் ரிச் ஹில் ஊர்க்காரர். டோங் குங் தாக்குதலுக்கு ஆறு வாரம் கழித்து, 1969 ஏப்ரல் 12-ம் தேதி, டுவோங் கியோ ஆற்றில் அவருடைய படகு ராக்கெட் தாக்குதலில் சிக்கியபோது இறந்தார். வீட்டில் மகள் அப்போது கைக்குழந்தை.

அன்புடன்,
ஒரு பழைய டெஸ்க் ஆள்