மகளுக்கு: 16 பேரின் பேச்சு ஆய்வாகுமா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நடவுக்கு ஆள் இல்லாமல் தெருவே இயந்திரத்துக்குக் காத்திருக்கிறது. கஜா புயலில் தென்னை இழந்தவர்களின் மனநிலை பற்றிய உன் ஆய்வைப் பார்த்து, உன் ஆய்வுக்குழுவில் ஒருவர், "16 பேரிடம் பேசிவிட்டு வந்தால் அது கதை சேகரிப்பு, உளவியல் ஆகாது" என்று சொன்னதாக வருத்தப்பட்டாய். போனில் பேசித் தீருகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். எண்ணைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பயிர் அறுவடைச் சோதனைக்குப் போனால், எந்த வயல், அந்த வயலில் எந்த இடம் என்பதைக்கூட, குலுக்கல் மாதிரி யார் விருப்பமும் கலக்காமல் வருகிற சமவாய்ப்பு எண்கள்தான் முடிவு செய்யும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு பிடித்து, அதற்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுப்போம். "சார், அந்தப் பக்கம் நல்லா விளைஞ்சிருக்கு, அங்க கயிறு பிடிங்க" என்று வரப்பில் நிற்கிறவர் கெஞ்சுவார். பிடிக்கக் கூடாது. அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் மாவட்டத்தின் சராசரி மகசூல் இவ்வளவு என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நிறுவை முடிந்ததும் அதே மனிதர் பேச ஆரம்பிப்பார். கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வந்தது, நாற்று முற்றிய பிறகு நட்டது, உரத்துக்கு வைத்திருந்த காசு மகள் சீருக்குப் போனது, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. படிவத்தில் 'குறிப்பு' என்று விரலகலத்துக்கு ஓர் இடம் இருக்கும். 'தாமத நடவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மகசூல் கணக்குக்கு அது போதும். அடுத்த போகத்தில் அவர் ஏன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் போனார் என்று தெரிந்துகொள்ள அது போதாது. அந்தக் கேள்விக்கு வேறு வகை வேலை வேண்டும். நீ செய்வது அந்த வேலை.

பேராவூரணி பெரியப்பாவை நினைத்துப் பார். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் அவருடைய தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. மரத்துக்கு 1,100 ரூபாய், அதாவது இழப்புக்கு 600, விழுந்ததை அப்புறப்படுத்த 500 என்று அரசு கொடுத்தது. விழுந்த மரத்தை எண்ணாமல் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க முடியாது, ஆகவே எண்ணியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து, மனநலம் பற்றி விசாரிக்க ஒரு குழு வினாப்படிவத்தோடு வந்தது. தூக்கம் வருகிறதா? வருகிறது. பசிக்கிறதா? பசிக்கிறது. பெரியப்பாவின் மதிப்பெண் பிரமாதமாக இருந்திருக்கும். ஆனால் வேளாண் அலுவலகத்தில் கொடுத்த கன்றுகள் மாட்டுக் கொட்டகை ஓரத்திலேயே காய்ந்துகொண்டிருந்தன. கடைத்தெருவுக்குத் தோப்பு வழியாகப் போகாமல் ஊரைச் சுற்றிப் போனார். நான் ஒரு வாரம் கூடவே இருந்த பிறகுதான் வாய் திறந்தார்: "நெட்டைக் கன்னு காய்க்க ஏழு வருசம் ஆவும். எனக்கு அறுபத்தஞ்சு. வச்சா யாரு வெட்டுறது? பையன் துபாய்லேருந்து வருவானா?"

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுகிற பிஎச்க்யூ-9 படிவத்தைப் பார். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எல்லாக் கேள்வியும் 'கடந்த 2 வாரங்களில்' என்றே தொடங்கும். மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறவர்களில் யாருக்கு உடனே உதவி தேவை என்று கண்டுபிடிக்க அது நல்ல கருவி, அதைப் பழிக்காதே. ஆனால் தென்னை வைத்தவனின் துக்கம் இரண்டு வாரத்தில் அளக்கிற துக்கம் இல்லை. 45 நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை நின்று, அடுத்த வெட்டு ஏழு வருடத்துக்கு அப்பால் போய்விட்டது. அந்த ஏழு வருடத்துக்குள் அவன் வயது, மகன் திரும்புவானா என்ற சந்தேகம், கடன் தவணை எல்லாம் வந்து நிற்கின்றன. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு யாரும் கேள்வி தயாரித்திருக்க முடியாது. சொல்ல விட்டுக் கேட்டால்தான், கேட்க வேண்டிய கேள்வி எது என்றே தெரியவரும். உன் 16 பேரின் மதிப்பு இங்கே இருக்கிறது.

நீ அனுப்பிய புத்தகங்களில் என்னைத் தூங்கவிடாதது மாரியெந்தால் ஆய்வு. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அது. ஊரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரமே சரிந்த பெருமந்த காலத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் ஆய்வாளர்கள் சிலரோடு அங்கே போய்ப் பார்த்ததை 1933ல் புத்தகமாக வெளியிட்டார்கள். வேலை போனால் மக்கள் கொதித்தெழுவார்கள் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ஊர் அடங்கிப் போயிருந்தது. கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, கட்டணத்தை நீக்கிய பிறகும்கூட. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு அடுப்பும் துணியும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்கள் நடை தளரவில்லை. காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால், ஆண்களால் இரண்டு மூன்று விஷயங்களுக்கு மேல் எழுத முடியவில்லை. 2016-17 வறட்சியில், ஆற்றில் மணல் மட்டும் ஓடிய அந்த வருடம், நம் ஊர் டீக்கடை பெஞ்சில் நான் பார்த்த முகங்களை அந்தப் பக்கங்களில் மறுபடி பார்த்தேன்.

உன் கமிட்டிக்காரரிடம் இதையும் சொல்: லாசர்ஸ்ஃபெல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஊரின் 478 குடும்பங்களைப் பற்றியும் பதிவு வைத்தார்கள், நடை வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். வாழ்க்கைக் கதையும் கேட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் படித்தார்கள். எதை எண்ண வேண்டும் என்பதை ஊரோடு இருந்து தெரிந்துகொண்டார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயும் அப்படித்தான். பாரிஸில் குழந்தைகளுக்கான தேர்வு ஒன்றைத் தரப்படுத்தும் வேலையைக் கொடுத்தபோது, சரியான விடைகளை எண்ணுவதோடு நிற்காமல், தவறான விடைக்குப் பிள்ளை எப்படி வந்தது என்று அதனிடமே பேச்சுக் கொடுத்தார். குழந்தையின் சிந்தனை பற்றி அவர் பின்னால் கண்டுபிடித்ததற்கெல்லாம் வழி அங்கே திறந்தது.

இனி, கணக்குக்காரனாக உனக்குச் சில கண்டிப்புகள். 16 பேரை வைத்துக்கொண்டு '62.5 சதவீதம்' என்று எழுதாதே. விமர்சகரைத் திருப்திப்படுத்த அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். சமவாய்ப்பில் எடுக்காத மாதிரியிலிருந்து ஊரின் விகிதம் வராது. எத்தனை பேர் என்று கேட்டால், 'என் ஆய்வு அதைச் சொல்லாது, அதற்கு வேறு ஆய்வு வேண்டும்' என்று தலை நிமிர்ந்து சொல். இழப்பு மனசுக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது, ஒரே புயலில் ஒருவர் ஏன் மறுமாதமே கன்று வைக்கிறார், இன்னொருவர் ஏன் தோப்புப் பக்கமே போவதில்லை என்பதைச் சொல்லும். நீ சொல்கிற விளக்கத்துக்கு ஒத்துவராத ஒருவர் அந்தப் பதினாறில் இருந்தால், அவரிடம் இன்னொரு தடவை போ. அவர் சொல்வதற்கு இடம் கொடுத்து விளக்கத்தை மாற்று. பேச்சுகளை எப்படி வகைப்படுத்தினாய், எந்த வகையை எப்போது, ஏன் கைவிட்டாய் என்று தேதி போட்டு நோட்டில் எழுது. நீ தென்னந்தோப்புக் குடும்பத்துப் பெண், பெரியப்பாவின் பேச்சு உன் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடு. படிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு எடைபோடட்டும்.

யாரைத் தேர்ந்தெடுத்தாய் என்ற இடத்தில்தான் எனக்குக் குறை தெரிகிறது. உன் பட்டியலில் எல்லாரும் மரத்துக்குச் சொந்தக்காரர்கள். நிவாரணப் பட்டியலை வைத்து ஆள் தேடியிருப்பாய் போலிருக்கிறது. மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள் யாருக்கும் விழுந்த மரத்தில் ஒன்றுகூடச் சொந்தம் கிடையாது. மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அவர்கள் பெயர் வரவே வராது. ஆனால் தோப்பு சாய்ந்த அன்றே அவர்கள் கூலியும் சாய்ந்தது. அவர்களில் நாலைந்து பேரிடமாவது பேசு. பகலில் போகாதே, வேலை கெடும். பெண்களிடம் திண்ணையில் வைத்துக் கேட்காதே; கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறிவிடும்.

கேட்பதற்கு ஒரு கடமையும் உண்டு. மாரியெந்தாலில் ஆய்வாளர்கள் வெறுங்கையோடு வீடுகளுக்குள் போகவில்லை. வியன்னாவில் திரட்டிய துணிமணிகளைக் கொடுத்தார்கள், மருத்துவரை அழைத்து வந்து பார்க்க வைத்தார்கள். நீ ஒரு மனுஷியை அழவைத்துவிட்டு ரெக்கார்டரை அணைத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. மறுநாளும் போய்ப் பார். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று விசாரித்துக் கையில் வைத்துக்கொள்.

கமிட்டிக்குக் காட்ட வேண்டியவை உனக்கே தெரியும். பிரௌன், கிளார்க் இருவரும் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வருகிற கருத்துகளைப் பிரித்தெடுக்கிற கருப்பொருள் பகுப்பாய்வு பற்றி 2006ல் எழுதிய கட்டுரையை முதலில் வை. அமெரிக்க உளவியல் சங்கம் 2018ல், உன்னுடையது போல எண்ணை விட்டுப் பேச்சையும் அனுபவத்தையும் ஆராய்கிற பண்புசார் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று வெளியிட்ட நெறிமுறைகளை அடுத்து வை. அதன் ஒவ்வோர் அம்சத்துக்கும் உன் ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. நெறியாளரிடம் முன்கூட்டியே காட்டிவிடு, அவர் துணை நிற்பார்.

பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். கீற்று முடைகிற இரண்டு குடும்பங்களை அவருக்குத் தெரியும். உன்னை அழைத்துப் போய் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடச் சொல்லியிருக்கிறேன், கூட உட்கார மாட்டார். தை பிறந்தால் சம்பா அறுவடையில் எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மாசி கடைசியில் வா. வருவதற்கு முன் உன் கேள்விப் பட்டியலை எனக்கு அனுப்பு. இரண்டு வாரம் என்று எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா