"சைக்கோ"ன்னு தலைப்பு போடுறதுக்கு முன்னாடி சாரதா மேனன் டாக்டரம்மாவை நினைச்சுக்கோங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க வீட்ல இருபது வருஷத்துக்கு மேல உங்க பேப்பர்தான் வாங்குறோம். காலைல காபி குடிச்ச கையோட எங்க அண்ணன் அதைப் பிரிச்சு அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுவார், அம்மாவுக்கு இப்பல்லாம் சின்ன எழுத்து தெரியறதில்ல. வரி விளம்பரம் வரைக்கும் ஒண்ணு விடமாட்டார். போன வாரம் ஒருநாள் வாசிச்சுக்கிட்டே வந்தவர் நடுவுல கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு பக்கத்தைத் திருப்பிட்டார். அப்புறமா எடுத்துப் பார்த்தேன். ஒரு கொலைச் செய்தி, கொட்டை எழுத்துல "சைக்கோ வெறிச்செயல்"னு தலைப்பு. பிடிபட்ட ஆளுக்கு மனநோய்னு ஒரு டாக்டர் சொன்னதா உள்ள ஒரு வரி கூட இல்ல, சும்மா போட்டிருக்கீங்க.

எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய்னு சொல்லுவாங்க. பதினெட்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறார், அச்சகத்துல பைண்டிங் வேலைக்குப் போறார், சம்பளத்தை அப்படியே அம்மா கைல குடுக்கிறார். உங்க தலைப்பைப் பார்த்துட்டு அன்னைக்கு அவர் யார்கிட்டயும் பேசல. அதுக்காகத்தான் இந்த லெட்டர், ஆனா திட்டுறதுக்காக மட்டும் எழுதல, ஒருத்தங்களைப் பத்தி சொல்லணும்.

டாக்டர் சாரதா மேனன். இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர்னு அவங்களைச் சொல்லுவாங்க. 1923ல மங்களூர்ல பிறந்தவங்க, வளர்ந்தது வேலை பார்த்தது எல்லாம் நம்ம சென்னை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சுட்டு பெங்களூர்ல மனநல மருத்துவம் படிச்சு, 1959ல கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தாங்க. ரெண்டே வருஷத்துல, 1961ல, அதுக்கே சூப்பிரண்டெண்ட். ஒரு பொம்பளை அந்த நாற்காலில உக்காந்தது அதுதான் முதல் தடவை. 1978ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த இடத்தை அவங்கதான் நடத்தினாங்க.

அந்த இடம்னா என்னன்னு கொஞ்சம் யோசிங்க. 1794ல கம்பெனிக்காரன் காலத்துல பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு ஆரம்பிச்சது, 1871ல இப்ப இருக்கிற இடத்துக்கு வந்துச்சு, பெரிய மதில், பெரிய கேட். சட்டமே அப்ப இந்தியன் லூனஸி ஆக்ட், 1912ல வெள்ளைக்காரன் போட்டது, அதுல நோயாளிக்கு வைத்தியம் பண்றதை விட ஊரை அவன்கிட்ட இருந்து காப்பாத்தணுங்கிற எண்ணம்தான் தூக்கலா இருக்கும். கொண்டு வந்து விட்டுட்டு போற வீட்டுக்காரங்க திரும்ப வரவே மாட்டாங்க, குடுக்கிற அட்ரஸ் கூட பொய்யா இருக்கும். நோய் குறைஞ்சாலும் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாம உள்ளயே கிழவன் கிழவி ஆனவங்க நிறைய பேர்.

1950கள்லதான் குளோர்புரோமசின்னு ஒரு மருந்து வந்துச்சு, காதுல கேக்குற குரல், யாரோ நம்மள பின்தொடர்றாங்கங்கிற பயம் இதெல்லாம் அடங்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். டாக்டரம்மா வேலைக்கு வந்தது சரியா அந்தக் காலம். மருந்து வந்தாச்சு, சரியாயிடும்னு விட்டுட்டுப் போகாம, குரல் அடங்கின மனுஷன் அடுத்த நாள் காலைல எழுந்து என்ன பண்ணுவான், எங்க போவான், யார் அவனுக்கு வேலை குடுப்பாங்கன்னு கேட்டவங்க அவங்க. எனக்கு அவங்க மேல இருக்கிற மரியாதைக்கு இந்தக் கேள்வி ஒண்ணே போதும். ஏன்னா மனநோய் இருக்கிற வீட்டுல எல்லாருக்கும் அதே கேள்விதான், மாத்திரை வாங்கிட்டோம், அடுத்து என்ன?

அவங்க காலத்துலதான் ஓ.பி. வந்துச்சு. இன்னைக்கு நாம சர்வ சாதாரணமா சீட்டு வாங்கி மருந்து வாங்கிட்டு மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுறோம் இல்லையா, அதுக்கு முன்னாடி அந்த கேட்டுக்குள்ள போனா அட்மிஷன்தான். வீட்டுல இருந்துக்கிட்டே வைத்தியம் பார்க்கலாம்னு ஆன பிறகுதான் குடும்பம் கையை விடாம இருக்க ஒரு வழி பொறந்துச்சு. உள்ள இருக்கிறவங்க கைத்தொழில் கத்துக்கிட்டு நாலு காசு சம்பாதிக்க தொழிற்பயிற்சி ஏற்பாடு பண்ணாங்க. மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு வர்றதுக்கும் பாடுபட்டாங்க, திருநெல்வேலிக்காரன் தர்மபுரிக்காரன் எல்லாம் மெட்ராசுக்கு ரயில் ஏறி வரணும்னா எத்தனை பேர் வருவாங்க, வழியிலயே விட்டுட்டுப் போயிடுவாங்க.

இத்தனைக்கும் நடுவுல பாடமும் எடுத்தாங்க. அவங்ககிட்ட படிச்சவங்க வேலை கத்துக்கிட்டவங்க எத்தனையோ பேர் பெரிய பெரிய மனநல டாக்டர் ஆனாங்க. ரிட்டயர் ஆனதும் எல்லாரும் மாதிரி ஓய்வெடுக்கல, 1984ல டாக்டர் தாரா மாதிரி அடுத்த தலைமுறை ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு ஸ்கார்ஃப் அமைப்பை ஆரம்பிச்சாங்க, ஸ்கிசோஃப்ரீனியாவுக்குன்னே ஆராய்ச்சி, வைத்தியம், மறுவாழ்வு எல்லாம் ஒரே இடத்துல. 1992ல பத்மபூஷன் குடுத்தாங்க. தொண்ணூறு வயசு தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தாங்க, 2021 டிசம்பர் 5ல 98 வயசுல காலமானாங்க. அவ்வளவு பெரிய மனுஷி, எங்க பக்கத்து வீட்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணுகிட்ட கேட்டேன், பேரு கூட தெரியல. ஆனா "கீழ்ப்பாக்கம் கேஸ்"னா என்னன்னு ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கும் தெரியுது.

எங்க கதையும் அதேதான் சார். அண்ணனுக்கு நோய் ஆரம்பிச்சப்போ இருபத்தி மூணு வயசு. ராத்திரி தூங்கமாட்டார், ஃபேன் சத்தத்துல யாரோ தன் பேரைச் சொல்லித் திட்டுறாங்கம்பார், ஃபேனை நிறுத்திட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருப்பார். ஒரு வருஷம் மந்திரிச்சோம், கயிறு கட்டினோம். சொந்தக்காரர் ஒருத்தர் ஏர்வாடி பக்கம் கொண்டு போய் விட்டுடுங்கன்னு சொன்னார், அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. 2001 ஆகஸ்ட் 6ல அங்க ஒரு கொட்டகை தீப்பிடிச்சு சங்கிலில கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்துப் போனது அம்மாவுக்கு மறக்கல, அந்தப் படத்தை உங்க பேப்பர்லதான் பார்த்தாங்க. கடைசில கீழ்ப்பாக்கம் போனோம். போனோம்னு சொல்றேன், ஆட்டோக்காரர்கிட்ட அயனாவரம் பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லி அங்க இறங்கி, ஆட்டோ போற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் நடந்தோம். மாசாமாசம் இதே மாதிரிதான், வருஷக்கணக்கா. மருந்துப் பையை துணிக்கடை கவர்ல போட்டுக்கிட்டு வருவோம். அண்ணனுக்கு இதெல்லாம் புரியாதுன்னு நாங்க நினைச்சோம், அவருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு.

அவருக்கு நோயை விட பெரிய சுமை இந்த ஒளிச்சு வைக்கிறதுதான். அதை நாங்க மட்டும் உண்டாக்கல, பேப்பரும் சினிமாவும் மேடைப் பேச்சும் சேர்ந்துதான் உண்டாக்குது. மனநோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கிறதில்ல, சொல்லப்போனா அடி வாங்குறவங்கதான் அவங்க, ஏமாத்தப்படுறவங்களும் அவங்கதான். இதை எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்ப 2017 மனநலச் சட்டம் வேற இருக்கு, சங்கிலில கட்டக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு, ஆஸ்பத்திரில வைத்தியம் எடுத்துக்கிறவங்க போட்டோவோ விவரமோ அவங்க சம்மதம் இல்லாம பத்திரிகைக்குக் குடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. உங்க நிருபர்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

அதனால என் கோரிக்கை இதுதான். டாக்டர் சர்டிபிகேட் இல்லாம யாரையும் மனநோயாளின்னு எழுதாதீங்க, இருந்தாலும் குற்றத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லன்னா அதைத் தலைப்புல போடாதீங்க, "சைக்கோ"ங்கிற வார்த்தையை அடியோட விட்டுடுங்க. சர்க்கரை இருக்கிறவன் திருடினா "சர்க்கரை நோயாளி கைவரிசை"ன்னா போடுறீங்க? அப்புறம் டிசம்பர் 5 வரும்போது டாக்டரம்மா படத்தைப் போட்டு அரைப் பக்கமாவது எழுதுங்க, கீழே 14416ங்கிற டெலிமனஸ் நம்பரையும் போடுங்க, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி நம்பர், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். மந்திரிச்சு ஒரு வருஷத்தைத் தொலைச்ச எங்களை மாதிரி வீடுகளுக்கு அந்த ஒரு வரி போதும்.

போன மாசம் ஓ.பி.க்குப் போறப்போ ஆட்டோல அண்ணன்தான் முன்னாடி ஏறினார். எங்க போகணும்னு டிரைவர் கேட்டதும் நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "மெண்டல் ஆஸ்பத்திரி போகணும்ணா, மெயின் கேட்டுலயே நிறுத்துங்க"ன்னுட்டார்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.