செந்திலுக்கு: நெடுநிலம் ரயில்வே பற்றி

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு நீ பேசவில்லை. வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள். சரி.

நீ வரைந்த நெடுநிலம் ரயில்வே மேப்பை அக்கா பையன் போனில் காட்டினான். அதில் ஸ்டேஷன் பெயர்கள் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஜெராக்ஸ் கடையில் நாலு பெரிய தாளில் எடுத்து, பின்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டி, கூடத்து மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீ கற்பனையாக வரைந்திருந்த நாடுதானே இது? அப்போது நதி இரண்டுதான். இப்போது ஏழு ஓடுகிறது.

கோடு சுத்தமாக இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் வண்டி ஓடாது.

காரணம் சொல்கிறேன். கல்வாயிலுக்கும் உப்பளக்குறிச்சிக்கும் நடுவில் 96 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. நடுவில் ஊர் இல்லை என்று ஸ்டேஷனும் வைக்காமல் விட்டுவிட்டாய். ஓரத்தில் ‘தினமும் 40 வண்டிகள்’ என்று எழுதியிருக்கிறாய். ஒரு பிளாக் செக்‌ஷனில், அதாவது இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். கூட்ஸ் மணிக்கு 48 கிலோமீட்டரில் போனால் 2 மணி நேரம், அதாவது 120 நிமிடம். அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் என்ற அனுமதி வாங்க, பாதை பிரிகிற இடத்தில் பாயின்ட் திருப்ப, சிக்னல் இறக்க 5 நிமிடம். ஆக 125. நாளுக்கு 1,440 நிமிடம், வகுத்தால் பதினொன்றரை. அதிலும் 70 சதவீதம்தான் கைக்கு வரும். ஒற்றைப் பாதையில் எத்தனை வண்டி ஓடும் என்று கணக்குப் போடுகிற ஸ்காட் ஃபார்முலாவில் அந்த 0.7 சும்மா வந்து உட்காரவில்லை. கேங்மேன்கள் பாதையில் வேலை செய்ய நேரம், இன்ஜின் மக்கர் செய்யும் நேரம், லேட் வண்டி எல்லாம் அதற்குள் அடக்கம். மிஞ்சுவது 8. போக நாலு, வர நாலு. உன் 40 எங்கே, இந்த 8 எங்கே!

16 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் போடு. ஓட்டம் 20 நிமிடம், மேலே 5. 1,440-ஐ 25-ஆல் வகுத்து 0.7-ஆல் பெருக்கு. 40 வரும். நடுவில் ஐந்து ஸ்டேஷன் வேண்டும். ஆனால் கணக்குக்கு 40 என்றால் களத்தில் 40 வராது, மூச்சு முட்டும். 12 கிலோமீட்டருக்கு ஒன்று போட்டால் 50 கிடைக்கும். ஏழு ஸ்டேஷன். ஊர் இல்லாவிட்டால் என்ன? டிக்கெட் கவுன்ட்டரே வேண்டாம். ஒரு மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு பாயின்ட்ஸ்மேன், குடிக்கத் தண்ணீர் போதும். இன்னொன்று, எல்லாவற்றையும் 12-இல் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றை 24-இல் விட்டால் முழு லைனும் அந்த ஒன்றின் அளவுக்கு, 28 வண்டிக்கு, இறங்கிவிடும். மீதி ஸ்டேஷனுக்குச் செய்த செலவு வீண்.

லூப் போடு. அதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

லூப் எவ்வளவு நீளம்? இங்கே நிலக்கரிக் கூட்ஸில் 58 பாக்ஸ்என் வேகன். ஒன்று 10.7 மீட்டர். பெருக்கினால் 620 மீட்டர். இன்ஜினும் பிரேக் வேனும் சேர்ந்தால் 655-ஐத் தொடும். அதனால்தான் நம் லூப்புகளில் 686 மீட்டர் நிற்க இடம் என்று வைத்தார்கள். நீ ‘1,300 மீட்டர் நீளக் கூட்ஸ்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இரண்டு ரேக்கை, அதாவது இரண்டு முழு வண்டியைச் சேர்த்து ஓட்டுவது இங்கேயும் உண்டு. ஆனால் அது சாதாரண லூப்பில் அடங்காது. வழி முழுக்க அதற்கு மெயின் லைன் விட்டுக்கொடுத்து, எதிரே வருகிறவர்கள் எல்லோரையும் ஒதுக்கி நிறுத்த வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு நீள வண்டிகளை விட்டால் தீர்ந்தது. யாரும் யாருக்கும் ஒதுங்க முடியாது.

கிராசிங் என்றால் இரண்டு வண்டி சர்ரென்று பக்கத்தில் பக்கத்தில் போவது என்று நினைத்திருக்கிறாயோ என்னவோ, உன் அட்டவணையில் அதற்கு 2 நிமிடம் கொடுத்திருக்கிறாய். கூட்ஸ் முதலில் வருகிறது என்று வை. லூப்புக்குப் பாயின்ட் போட்டு, உள்ளே வர ஹோம் சிக்னல் கொடுக்கிறார்கள். பாதை பிரிகிற டர்ன்அவுட் 8½-க்கு 1 என்ற சாய்வில் இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அந்த வேகத்தில் 655 மீட்டர் வண்டி பாயின்ட்டைக் கடக்க மட்டும் இரண்டரை நிமிடத்துக்கு மேல். 12-க்கு 1 போட்டால் 30-இல் வரலாம், பாதி நேரம் மிச்சம். நீ 12-க்கு 1 போடு. கடைசிப் பெட்டி பக்கத்து லைனை இடிக்காத எல்லையான ஃபவுலிங் மார்க்கைத் தாண்டி உள்ளே வந்ததா, அதன் பின்னால் மாட்டிய எல்.வி. போர்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் போர்டு இல்லையென்றால் வழியில் வண்டி அறுந்து பாதி பின்னால் நிற்கலாம். செக்‌ஷன் காலி என்று சொல்ல முடியாது. அது சரியாக இருந்தால்தான் பாயின்ட்டை மெயினுக்குத் திருப்பி எதிர் வண்டிக்குச் சிக்னல். எதிர் வண்டி போன பிறகு, அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்டு, கூட்ஸுக்குப் புறப்பட ஸ்டார்ட்டர் சிக்னல் கொடுத்து, 4,700 டன் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடித்து… கூட்ஸுக்கு அரை மணி நேரம் வை. குறைத்து வைத்தால் அட்டவணை முதல் நாளே பொய்யாகும்.

லூப்பில் அரை மணி நிற்கிற வண்டி ரத்தான வண்டி இல்லை. வண்டி ஓட்டத்தைக் கோடாக வரைகிற சார்ட்டில் படுத்த கோடாக இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் மறுபடி ஏறும்.

உன் மேப்பைச் சார்ட்டில் போட்டேன். கிராஃப் தாளில் இடது ஓரம் ஸ்டேஷன்கள், மேலே 24 மணி நேரம். மெயிலுக்குச் சிவப்புப் பென்சில், கூட்ஸுக்குக் கறுப்பு. போகிற வண்டி இப்படிச் சாயும், வருகிற வண்டி அப்படிச் சாயும். இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளி ஒரு ஸ்டேஷன் கோட்டின் மேல் விழ வேண்டும். உன்னுடையது எல்லாம் நடுக்காட்டில் வெட்டிக்கொள்கிறது. எட்டு இடத்தில் நேருக்கு நேர்.

இதை வரைய மூன்று மாதமாவது ஆகியிருக்கும். ஆபீஸில் இதற்கெல்லாம் நேரம் விடுகிறார்களா?

கருங்கணவாய். மலையை நேரே ஏற்றி 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம் என்று போட்டிருக்கிறாய். மும்பைப் பக்கம் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவில் போர் காட் மலைப்பாதையில் அதே ஏற்றம்தான். அதைப் பார்த்துப் போட்டாய் என்று நினைக்கிறேன். 4,700 டன் வண்டியை 100-க்கு 1 ஏற்றத்தில் பிடித்து நிறுத்தவே 47 டன் இழுவை வேண்டும். ஒரு டபிள்யூஏஜி-9 இன்ஜின் புறப்படும்போது தரும் முழு இழுவையே அவ்வளவுதான். 37-க்கு 1-இல் 127 டன். முன்னால் நாலு இன்ஜின் போட்டால் என்ன என்பாய். கப்ளிங் தாங்காமல் வண்டி அறுந்துவிடும். அதனால்தான் பின்னால் பேங்கர் என்ற துணை இன்ஜின் போட்டுத் தள்ளுவது. பேங்கர் மாட்ட நேரம், பிரேக் சோதிக்க நேரம், மேலே போய்க் கழற்ற நேரம். எல்லோரும் மறந்துபோவது, அந்த இன்ஜின் வெறுமனே கீழே திரும்பி வர வேண்டும். அதுவும் லைனில் ஒரு வண்டிதான், ஒரு வண்டியின் இடத்தைத் தின்னும்.

மலை 600 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். 37-க்கு 1 என்றால் 22 கிலோமீட்டரில் ஏறலாம். 100-க்கு 1 என்றால் 60, 150-க்கு 1 என்றால் 90. வளைத்து 90 கிலோமீட்டராகப் போடு. வளைவிலும் ஏற்றத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், வளைவே தனியாக இழுக்கும். தூரம் கூடினால் பரவாயில்லை. சுற்றிப் போனாலும் ஒரே இன்ஜினில் போய்ச் சேரும். ஏறுகிற வழியில் ஸ்டேஷன் வைத்தால் அந்த இடம் மட்டும் கிட்டத்தட்ட சமதளமாக இருக்கட்டும். 400-க்கு 1-க்கு மேல் சரிவு கூடாது, நின்ற வேகன் தானாக உருளும்.

கிழக்கே மீட்டர் கேஜ் எதற்கு? அழகுக்கா? எடுத்துவிடு. ஆஸ்திரேலியாவில் ஆளாளுக்கு ஒரு கேஜ் போட்டு, சிட்னியிலிருந்து பெர்த்துக்கு மாறாமல் போக 1970 வரை காத்திருந்தார்கள். ரஷ்ய–சீன எல்லையில் ஜபைகால்ஸ்கில் பயணிகள் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, 1,520 மி.மீ. கேஜுக்கும் 1,435 மி.மீ. கேஜுக்கும் போகியை, அதாவது அடியில் உள்ள சக்கரத் தொகுதியை மாற்றினார்கள். பாலைவனத்தில் 700 கிலோமீட்டர் நேர்கோடும் வேண்டாம். உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை ஆஸ்திரேலியாவின் நல்லார்பாரில், 478 கிலோமீட்டர். வளைவே இல்லாவிட்டால் ஓட்டுகிறவன் கண் சொருகும். நம் இன்ஜின்களில் 60 விநாடி எதையும் தொடாவிட்டால் முதலில் விளக்கு மின்னும், பிறகு சத்தம், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். அந்தக் கருவியை மறக்காமல் எழுது.

கிழக்கு மேற்காக 6,000 கிலோமீட்டர் நாடு. சூரிய உதயத்தில் நாலைந்து மணி நேரம் வித்தியாசம் வரும். நம் திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும் ஒரே கடிகாரம், நமக்குக் கவலை இல்லை. ரஷ்யாவில் மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்டோக்குக்கு 9,289 கிலோமீட்டர், 7 மணி நேர வித்தியாசம். அங்கே 2018 ஆகஸ்டு 1 வரை டிக்கெட்டில் மாஸ்கோ நேரம்தான் அச்சிட்டார்கள். பிறகுதான் பயணிக்கு உள்ளூர் நேரம். நீயும் டிக்கெட்டுக்கு எதை வேண்டுமானாலும் வை. வண்டிகளை நடத்துகிற கன்ட்ரோல் ஆபீஸுக்குள் மட்டும் ஒரே நேரம். எல்லையில் சார்ட்டில் ஒரு மணி நேரத்தைக் கிழித்து ஒட்ட முடியாது.

ஆட்கள். நீ எழுதாமல் விட்டது இதுதான். ஒருவரைச் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட விடக்கூடாது. கூட்ஸ் என்றால் லூப்பில் நிற்பதும் அந்த ஒன்பதில்தான் சேரும். ஆகவே 250 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். வெளியூரில் இறங்கியவருக்கு 8 மணி நேர ஓய்வு, தங்க ரன்னிங் ரூம், இருட்டான அறை, சமையல்காரர். பகலில் தூங்க வருகிறவனுக்கு ஜன்னலில் கனமான திரை. நேரத்துக்குச் சாப்பாடு. தூங்காதவனை ஏற்றிவிட்டால் சிக்னலைத் தாண்டிவிடுவான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரவு தூங்குகிறாயா? அந்த வயிற்று மாத்திரையை நிறுத்தாதே. தூங்கு.

செந்தில், மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். உன்னோடு ரூமில் இருந்த பையனின் அப்பாவை பேங்கில் பார்த்தேன். அவர் தெரியாமல் சொல்லிவிட்டார். நான் தெரிந்தது மாதிரி தலையாட்டினேன். மாமா வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் கேட்டார்கள். அதே கம்பெனிதான், புராஜெக்ட் முடிகிற நேரம், லீவு கொடுக்கவில்லை என்றேன். ஒருவரிடம் அமெரிக்கா அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். பன்னிரண்டு முடித்தபோது அந்த விண்ணப்பத்தில் கம்ப்யூட்டர் என்று நிரப்பியது என் பேனா. சிவில் என்று நீ பென்சிலில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு எழுதினேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று இந்த மேப்பில் கருங்கணவாய் வளைவில் நீ டிகிரி போட்டிருக்கிறதைப் பார்த்தேன். 1,750-ஐ ஆரத்தால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் சரியாகப் போட்டிருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. வாடகை இருக்கிறது. இந்த மாதத்துக்கு அக்கா கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன், அவள் அனுப்புவாள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

செல்வி ஜங்ஷனை அம்மா பார்த்துவிட்டாள். விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. இரண்டே லைன் சேருகிற இடம், மூன்று பிளாட்பாரம் தாராளம். நீ ஐந்து போட்டிருக்கிறாய். அதைக் குறைக்காதே.

சார்ட்டை முடித்து கூரியரில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஆனால் உப்பளக்குறிச்சிக்கும் பனிவாசலுக்கும் நடுவில் தூரம் எழுதாமல் விட்டிருக்கிறாய். ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு தாளில் 180 வருகிறது, ஒட்டின இடத்தில் 210 வருகிறது. அது தெரியாமல் 17 டவுன் வண்டியின் கோட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கிலோமீட்டர் மட்டும் சொன்னால் போதும். மெசேஜ் வேண்டாம், எனக்குப் படிக்க வராது. காலை பத்து மணிக்கு மேல் போன் என் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா