ஏழு வருடம் காத்திருக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒரு சகோதரிக்கு, சென்ற இதழின் சட்ட ஆலோசனைப் பக்கத்தில், "இந்து திருமணச் சட்டப்படி ஏழு வருடம் முடிந்த பிறகுதான் விவாகரத்து கேட்க முடியும்" என்று பதில் தந்திருந்தீர்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011-ல் என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போனபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நம்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற சேதியே அவருடைய சொந்தபந்தங்களுக்குக்கூட எட்டாதபோதுதான் ஏழு வருடக் கணக்கு. காரணமில்லாமல் விட்டுவிட்டுப் போனவர் என்றால், மனு போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் பிரிந்திருந்தாலே போதும். என் கணவருடைய அம்மாவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி அவரிடமிருந்து போன் வரும். நம்பர் கேட்டால் மாமியார் அழுவார், கொடுக்க மாட்டார். அப்படியென்றால் அந்த ஏழு வருடம் எனக்குப் பொருந்தவே பொருந்தாது. 2018-ல்தான் ஒரு வக்கீலம்மா இதை எடுத்துச் சொன்னார். அப்போது எனக்கு வயது 33.

இடையில் பட்டதை எங்கே போய்ச் சொல்ல? பள்ளிக்கூடத்தில் பையனுக்கு அப்பா கையெழுத்து கேட்டார்கள். போலீசில், "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கம்மா" என்றார்கள். யாரிடம் பேசுவது? மனைவி விட்டுக்கொடுத்துப் போனால் பிரிவே வராது என்று உங்கள் பத்திரிகையும் அந்த நாட்களில் எழுதியது. இருபது வருட வாசகி என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வழக்கும் லேசில் முடியவில்லை. சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனா, ஆள் இல்லை என்று எழுதித் திரும்பினார். பதிவுத் தபாலும் திரும்பியது. அப்புறம் கோர்ட் அனுமதியோடு சம்மனை அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக் கதவிலும் கோர்ட்டிலும் ஒட்டி, பேப்பரில் அறிவிப்பும் கொடுத்தோம். டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே என் பெயரையும் அவர் பெயரையும் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை. வாய்தா வாய்தாவாக அலைந்து, அவர் வராமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வர ஒன்றரை வருடம் ஆனது. இதைத் தொடங்கவே ஏழு வருடம் காத்திருக்கச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று 2003-லேயே சட்டம் மாறிவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்மன் அனுப்பியும் சேரவில்லை என்பதற்குச் சாட்சியாகத் திரும்பி வரும் தபால் கவர்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அந்தச் சகோதரிக்குத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்