ஹேக்கர் மட்டும் ஆடினால் போதாது

அன்புள்ள சரவணா,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மகள் தொடக்கக்கல்லூரிக்குப் போகிறாள்.

ஈப்போவில் நண்பர்களைச் சேர்த்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை எழுதி ஆடும் விளையாட்டு நடத்தப்போவதாகவும் அதில் ஹேக்கர் பாத்திரம் உண்டு என்றும் எழுதியிருந்தாயே, அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் டெலிகிராம் குழுவில் வெள்ளி இரவுகளில் இன்னும் ஆடுகிறோம். 2090-இல் சிங்கப்பூரில் நடக்கும் கதை; ஜூரோங் தீவில் கிடங்கு, தேக்காவில் மறைவிடம்.

ஹேக்கர் தனியாகக் கணினி வலைக்குள் போய்விட்டால் மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். இது பழைய வியாதி. 1989-இல் வந்த ஷேடோரன் என்ற பாத்திர விளையாட்டை ஆடியவர்களும் இதையே சொல்லிப் புலம்பினார்கள். 2020-இல் வந்த சைபர்பங்க் ரெட் என்ற விளையாட்டில் நல்ல விதி ஒன்று உண்டு: வலையின் நுழைவிடத்திலிருந்து 6 மீட்டருக்குள் ஹேக்கர் நேரில் இருந்தாக வேண்டும். அப்புறம் பார், எல்லாருக்கும் வேலை வந்துவிடும். ஒருவர் கதவைக் காக்கலாம், இன்னொருவர் காவலாளிக்குப் பேச்சுக் கொடுக்கலாம். நீ வலைக்குள் நடப்பதை ஒரு வரி, அறையில் நடப்பதை ஒரு வரி என்று மாற்றி மாற்றி எழுது. நாற்காலியில் அசையாமல் கிடக்கும் ஹேக்கரின் உடலை யாரும் மறக்கக் கூடாது.

பகடை சரியாக விழவில்லை என்றால் 'முடியவில்லை' என்று எழுதி நிறுத்திவிடாதே. பூட்டு திறக்கட்டும், ஆனால் அபாய எண் ஒன்று ஏறட்டும். எங்கள் ஆட்டத்தில் அது 3 ஆனால் கேமராக்கள் திரும்பும், 5 ஆனால் ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த எண் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மறைத்து வைத்தால் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

கட்டளைகளைக் கற்பனையாகவே வைத்துக்கொள். நிஜக் கட்டளை வந்தால், ஐடி வேலை பார்ப்பவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வாதத்தில் இறங்கிவிடுவார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. ஒருவர் பாத்திரம் இன்னொருவர் பாத்திரத்தின் செய்திகளைத் திருடலாம் என்று அனுமதித்தால், கதைக்குள் எழுதியதை மட்டுமே திருட முடியும் என்று முதல் நாளே பேசி வைத்துவிடு. நண்பர்கள் தனியாகப் பேசிக்கொண்டதை யாரும் தொடக் கூடாது. பறிகொடுத்தவருக்கும் ஒரு தடயமாவது கொடு. யார் செய்தது என்று தேட வழியே இல்லையென்றால் அவருக்கு ஆட்டமே வெறுத்துவிடும். நட்பிலும் கசப்பு வரும்.

முதல் ஆட்டம் என்றைக்கு என்று எழுது. டிசம்பர் விடுமுறையில் அங்கே வருகிறோம், நேரில் பேசலாம்.

அன்புடன்,
கதிர்