பதிலுக்குக் காத்திருந்தவருக்கு நன்றி

அன்புடையீர்,

என் கணவர் நேற்று நான்கு கால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், பயிற்சிக் கூடத்தின் வாசல் வரை நடந்து வந்தார். வலது பாதம் இன்னும் சற்று இழுபடுகிறது, ஆனாலும் நடந்தார். பக்கவாதம் வந்த நாளையும் அதற்கடுத்த வாரங்களையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, ரோபோ நடைப்பயிற்சிப் பிரிவில் உதவியாளராக இருக்கும் அந்த இளைஞருக்கு. அவருடைய வேலை, நோயாளியின் உடலில் தாங்கு கச்சையைக் கட்டி, மேலிருக்கும் சட்டத்தில் மாட்டி, உடல் எடையின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளும்படி தூக்கி நிறுத்தி, தொடையிலும் கெண்டைக்காலிலும் இயந்திரக் கால்களின் பட்டைகளைப் பூட்டுவது. மற்றொருவரின் கை தொடையிடுக்கு வரை வந்து வார் இறுக்கும் அந்த நேரம், தன் வேட்டியைத் தானே கட்டிப் பழகிய மனிதருக்கு எத்தனை கூச்சமானது என்று சொல்லத் தேவையில்லை. பேச்சும் போயிருந்ததால், மருத்துவமனையில் எல்லாரும் கேள்விகளை என்னிடமே கேட்டார்கள்: வலிக்கிறதாமா, தூங்கினாரா, தண்ணீர் குடித்தாரா. இந்த இளைஞர் என்னைக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, "ஐயா, இதை இறுக்கட்டுமா?" என்று என் கணவரிடம் கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். உதடு அசைந்து, சொல் வராமல் நின்று, கடைசியில் இடது கை சற்று உயரும் வரை, அடுத்த நோயாளி வெளியே சக்கர நாற்காலியில் வந்து நின்றாலும், அவருடைய கை பட்டையைத் தொடாது.

ஒரு நாள் "வேண்டாம்" என்று பதில் வந்தது. பேச்சுப் பயிற்சியில் எவ்வளவு முயன்றும் வராத சொல் அது. இளைஞர் உடனே கச்சையைத் தளர்த்திப் பார்த்தார். இடது தொடையிடுக்கில் துணி மடிந்து தோலை நெருக்கிக்கொண்டிருந்தது. மடிப்பை நீவிவிட்டு, "சொன்னது நல்லதாயிற்று, ஐயா" என்றார். அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்படிக் கேட்டுக் காத்திருந்தது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை என்று பிறகு புரிந்தது. அரை மணி நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் அடிகள் எடுத்துவைக்கச் செய்யக்கூடிய இயந்திரம் அது. ஆட்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அத்தனை அடிகளை எட்டுவது கடினம். ஆனால் கால்கள் தாமாக ஓடிக்கொண்டிருக்க, நோயாளி சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் மூளைக்கு அதில் கற்க அதிகம் இல்லை. அதனால்தான் இயன்முறை மருத்துவர், முன்னேற்றம் தெரியத் தெரிய, இயந்திரத்தின் உதவியையும் எடைத் தாங்கலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மீதியை அவருடைய தசைகளே செய்யும்படி விட்டார். தன்னைக் கேட்டுப் பூட்டப்பட்ட மனிதர், தானே நடக்கும் எண்ணத்தோடு அதில் ஏறினார் என்பது என் துணிபு.

உண்மையை மறைக்காமல் சொன்ன மருத்துவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 62 ஆய்வுகளையும் 2,440 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வைச் சுட்டி, இயன்முறைப் பயிற்சியோடு சேர்த்து இவ்வகைக் கருவிகளைப் பயன்படுத்தினால் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும், முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கும் நடக்கவே முடியாதவர்களுக்கும்தான் பலன் அதிகம் என்றும், கருவி மட்டுமே ஒருவரை நடக்கவைத்துவிடாது என்றும் அவர் விளக்கினார். நாங்கள் தெளிவோடு தொடங்கியது அதனால்தான். ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துப் பார்த்து, மூச்சு வாங்கும் வரை எழுந்து உட்காரவும் படியேறவும் வைத்த பயிற்சியாளர்களையும், இரவில் புரட்டிப் படுக்கவைத்த செவிலியர்களையும், வண்டி அனுப்பியவர்களையும், பணமாகவும் வேளைக்குச் சாப்பாடாகவும் உதவியவர்களையும், பக்கத்துக் கட்டிலின் குடும்பத்தாரையும் தனித்தனியே எழுத இடம் போதாது, ஒருவரையும் மறக்கவில்லை.

ரோபோப் பயிற்சி இந்த வாரத்தோடு முடிகிறது. இனி வெறுந்தரையில், படிகளில், கடினப் பயிற்சி தொடரும். ஒரு நாளும் தவறவிடமாட்டேன் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். வீட்டுக்கு வந்து பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எதிரே உட்கார்ந்து அவரையே கேளுங்கள். நேரம் எடுக்கும், பதில் சொல்வார்.

நன்றியுடன்,
அவருடைய மனைவி