வதனிக்கு, துளசியின் வேலை பற்றி

திருகோணமலை

அன்பின் வதனி,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக எழுதியிருந்தாய், மனதுக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே சோளகம் தொடங்கிவிட்டது, பகல் முழுக்கப் புழுதி. கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போது எங்கள் ஒழுங்கை வரைக்கும் வருகின்றன. செவ்வரத்தையில் ஒரு துளிர் மிச்சமில்லை. தம்பி உவர்மலையில் கட்டிய வீட்டுக்கு ஆவணியில் குடிபூரல் வைக்கிறான். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், ஆனாலும் அவன் கேட்கச் சொன்னான்.

சரி, துளசி விஷயம். கலங்கள் சக்தி உண்டாக்குவதை அளக்கிறோம் என்கிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீ தானே உயிரியல் ரீச்சர், கேட்டுச் சொல்லு என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவளோடு கனநேரம் கதைத்தேன். நாங்கள் மடியில் வைத்துச் சோறு ஊட்டிய பிள்ளை இவ்வளவு தெளிவாக விளக்குவதைக் கேட்க எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நீ பெருமைப்படலாம்.

அவளுடைய கருவி நேரடியாக அளப்பது ஒட்சிசன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை. அதிலிருந்து சக்தியைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று பிரித்தறிவதுதான் வேலையின் பெரும்பகுதி. உணவு உடைபடும்போது வெளிவரும் இலத்திரன்கள், கலத்துக்குச் சக்தி ஆக்கும் நுண்ணுறுப்பான இழைமணியின் உள்மென்சவ்வில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒட்சிசனிடம் சேர்கின்றன, அங்கே நீர் உண்டாகிறது. அப்படிக் கைமாறும்போது புரோத்தன்கள் மென்சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஒரு நொதியம் இருக்கிறது. புரோத்தன்கள் பாயப் பாய அது சுழன்று ஏ.ரீ.பி. ஆக்குகிறது, கலம் தன் வேலைகளுக்குச் சக்தியாகச் செலவழிக்கும் மூலக்கூறு அதுதான். புரோத்தன்கள் இப்படி வேலை செய்கின்றன என்று 1961இல் பீற்றர் மிச்செல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. அவர் கோர்ன்வோலில் ஒரு பழைய மாளிகையைத் திருத்தி அதையே ஆய்வுகூடமாக்கி வேலை செய்தவர். 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியத்தில் ஒரு நுண்ணிழையை ஒட்டி, அது சுழல்வதை 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் நேரே பார்த்தார்கள். அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற நாளில் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது.

நாங்கள் உயர்தரத்தில் செய்த சுவாசமானிப் பரிசோதனை நினைவிருக்கிறதா? நான் இன்றைக்கும் அதைத்தான் செய்விக்கிறேன். குடுவையில் முளைவிட்ட பயறு, பக்கத்தில் சின்னக் குழாயில் பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல். பயறு வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கரைசல் உறிஞ்சிவிடும். ஆகவே உள்ளே வாயுவின் கனவளவு குறைந்தால் அது பயறு எடுத்த ஒட்சிசன். மயிர்த்துளைக் குழாயில் சிவப்புத் துளி மெல்ல உள்ளே நகரும். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் மத்தியான வெயில் ஏறினால் குடுவையின் காற்று விரிந்து துளியை வெளியே தள்ளும். அதற்குத்தான் அவித்து ஆறவைத்த பயறோடு இரண்டாவது குடுவை. அவித்த பயறையும் கிருமிநீக்கியில் நனைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அதில் வளரும் பூஞ்சணத்தின் சுவாசமும் கணக்கில் ஏறிவிடும். போன தவணை ஒரு பிள்ளை, "ரீச்சர், செத்த பயறும் மூச்சு விடுது" என்று கத்தினாள். இரண்டாவது குடுவையின் துளி வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தது. இரண்டு குடுவைகளையும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, இதன் நகர்வைக் கொண்டு மற்றதைத் திருத்தினோம். ஜேர்மன் விஞ்ஞானி ஒற்றோ வார்பேர்க் 1920களில் இழையச் சீவல்களை வைத்து அளந்தபோதும் வெப்பநிலை மாற்றத்தைத் திருத்த வெறும் தண்ணீரோடு ஒரு குடுவை வைத்துத்தான் அளந்தார்.

அதற்குப் பிறகு ஒட்சிசன் மின்வாய் வந்தது. பிளாற்றினத்தின் மேல் மெல்லிய பொலித்தீன் தோல். அதனூடாக நுழையும் ஒட்சிசனுக்கு ஏற்ற அளவில் மின்னோட்டம். லீலண்ட் கிளாக் 1956இல் இதை வெளியிட்டார், அவர் தேடியது குருதியில் உள்ள ஒட்சிசனை அளக்க ஒரு வழி. துளசி வேலை செய்வது சீஹோர்ஸ் என்ற இயந்திரத்தில். கலங்கள் தட்டின் குழிகளில் அடியில் ஒட்டி வளர்ந்திருக்கும். மேலிருந்து ஒரு முனை இறங்கி, கலங்களுக்கு மேலே சில மைக்கிரோலீற்றர் திரவத்தை மட்டும் அடைத்துப் பிடித்துச் சில நிமிடம் ஒட்சிசனையும் அமிலத்தன்மையையும் வாசிக்கும். அப்புறம் முனை எழும்பித் திரவம் கலங்கும், மறுபடி இறங்கும்.

ஏ.ரீ.பி.யையே அளந்தால் என்ன என்று நீ கேட்பாய். அளக்கலாம். மின்மினியின் வெளிச்சத்துக்கு ஏ.ரீ.பி. தேவை என்று 1947இல் மக்எல்ரோய் காட்டினார். அந்த மின்மினி நொதியத்தைக் கலச்சாற்றில் விட்டால் வெளிச்சத்தின் அளவு ஏ.ரீ.பி.யின் அளவைச் சொல்லும். ஆனால் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளை யோசித்துப் பார். சனம் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றும், தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கும். மட்டத்தை மட்டும் பார்த்து ஊற்றின் வேகத்தைச் சொல்ல முடியுமா? நம் உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரீ.பி. சில பத்துக் கிராம்தான், ஒரு நாளில் ஆகி உடைந்து மறுபடி ஆவதைக் கூட்டினால் கிட்டத்தட்ட எங்கள் நிறை அளவுக்கு வரும். ஆகவே வேகம் வேண்டும், வேகத்துக்கு ஒட்சிசனைப் பார்க்க வேண்டும்.

ஒட்சிசன் மட்டும் தெரிந்தாலும் போதாது. துளசியின் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த இடம். முதலில் சும்மா இருக்கும் கலத்தின் வேகத்தை எடுப்பாள். பிறகு ஒலிகோமைசின் விடுவாள், அது ஏ.ரீ.பி. ஆக்கும் நொதியத்தை அடைக்கும். அப்போது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் ஏ.ரீ.பி.க்காகப் போன ஒட்சிசன். அப்புறம் மென்சவ்வில் புரோத்தன்களை ஒழுகவிடும் ஒரு மருந்து. மறுபக்கத்தில் புரோத்தன்கள் நெருக்கி நின்ற தடை நீங்கியதும், இலத்திரன்கள் கைமாறும் அந்தச் சங்கிலி தன் முழு வேகத்தில் ஓடும். கலம் அவசரத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று அதில் தெரியும். கடைசியாக ரொட்டெனோனும் அன்ரிமைசினும் விட்டால் சங்கிலி நிற்கும், மிஞ்சுவது இழைமணிக்கு வெளியே செலவாகும் ஒட்சிசன். ரொட்டெனோன் சில அவரைக் குடும்பத்துக் கொடிகளின் வேரில் இருப்பது. அந்த வேரை இடித்து ஆற்றில் கரைத்து மீன் மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தென்கிழக்காசியாவிலும் தென்னமெரிக்காவிலும் இருந்திருக்கிறது. கொட்டியார் குடாவில் வலை வீசுகிற குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள், இதைச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

ஒழுகவிடும் மருந்துதான் நான் அடுத்த வருடம் கட்டாயம் படிப்பிக்கப் போவது. அதை விட்டதும் ஒட்சிசன் செலவு உச்சிக்குப் போகும், ஆனால் அந்த ஒட்சிசனால் இழைமணியில் ஏ.ரீ.பி. ஆகாது. எல்லாம் வெப்பமாகிப் போகும். 1930களில் அமெரிக்காவில் இருநைத்திரோபீனோலை மெலிவதற்காக விற்றார்கள். அதுவும் இதே வேலையைச் செய்வது. மெலிந்தார்கள்தான்; சிலர் காய்ச்சல் ஏறி உடல் கொதித்துச் செத்தார்கள். 1938இல் அங்கே தடை வந்தது. எங்கள் பிள்ளைகள் "ஒட்சிசன் கூடினால் சக்தி கூடும்" என்று மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், புள்ளியும் கிடைக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒட்சிசன் எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் சுவாசத்தைப் படித்த பிள்ளை.

அமிலத்தைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதே நிறைய இலத்திரிக்கமிலம் ஆக்குவதை வார்பேர்க் கண்டார். ஒட்சிசன் இல்லாமலே ஏ.ரீ.பி. ஆகும் வழியில் வருவது அந்த அமிலம், அதனால் அமிலத்தன்மை ஏறும் வேகமும் பயனுள்ளதுதான். ஆனால் சுவாசத்தில் வரும் காபனீரொட்சைட்டும் தண்ணீரில் கரைந்து அமிலமாகும், அதைக் கழிக்காமல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். எவ்வளவு நிதானம், பார்.

ஒரு உதவி வேண்டும். துளசியிடம் சொல்லி அவளுடைய வரைபு ஒன்றை அனுப்பச் சொல்லு, மருந்துகளின் பெயர்களை அழித்துவிட்டு. எந்த இடத்தில் என்ன விட்டார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக் காரணம் எழுதட்டும். வெளியிடாத முடிவாக இருந்தால் வேண்டாம், பழகுவதற்கு எடுத்தது போதும். கொஞ்சம் பெரிதாக அனுப்பச் சொல்லு, பள்ளிக்கூடத்து அச்சுப்பொறியில் சின்ன எழுத்துத் தெளிவாக வராது. அடுத்த தவணை தொடங்க முதல் வந்தால் நல்லது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. கண்ணுக்கு விடும் மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள்.

அன்புடன்,
சாந்தா